தொட்டி மண்ணில் உலகம் சுற்றிய குருட்டுப் பாம்பு

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கம்பைநல்லூர் பக்கம் எருக்குழியைக் காலி செய்வார்கள். மக்கிய சாணத்தை மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் அள்ளும்போது சில சமயம் கருப்பாக, பளபளவென்று, ஷூ லேஸ் நீளத்துக்கு ஒன்று நெளியும். முதலில் எல்லோரும் மண்புழு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மண்புழுவுக்கு இவ்வளவு வேகம் ஏது? உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் இழை போன்ற நாக்கு நீண்டு உள்ளே போகும். அவ்வளவுதான், "பாம்பு! பாம்பு!" என்று ஒரு சத்தம், செருப்பால் ஒரு அடி. கதை முடிந்தது.

அப்படி அடிபட்டுச் சாகிற அந்தச் சின்ன உயிருக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. உலகத்தில் மிக அதிக நாடுகளில் குடியேறிய நிலப்பாம்பு எது என்று யாராவது கேட்டால் நல்ல பாம்பு என்றோ மலைப்பாம்பு என்றோ சொல்லிவிடாதீர்கள். இதுதான் அது! அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இன்று இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் இண்டோடிஃப்லாப்ஸ் பிராமினஸ். தமிழில் குருட்டுப் பாம்பு, புழுப்பாம்பு என்பார்கள். சில ஊர்களில் செவிப்பாம்பு என்றும் சொல்வதுண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் பூந்தொட்டிப் பாம்பு.

கண் தெரியாத, கடிக்கத் தெரியாத, ஒரு சாண் நீளம்கூட இல்லாத பாம்பு எப்படி உலகம் சுற்றியது? அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற பாம்புகள் ஏன் ஒரு தீவை விட்டு வெளியே வரவே இல்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினால் கப்பல், தோட்டம், கம்பெனி, போர் என்று மனிதனின் கதைதான் வருகிறது.

முதலில் ஆளைப் பற்றி

வளர்ந்த பாம்பே பெரும்பாலும் 10 முதல் 17 செ.மீ. தான். தலைக்கும் வாலுக்கும் தடிமனில் வித்தியாசம் கிடையாது. கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். வெளிச்சமா இருட்டா என்று மட்டும் அவற்றால் உணர முடியும், உருவம் தெரியாது. உடம்பைச் சுற்றி 20 வரிசைச் செதில்கள். மண்ணில் ஊன்றித் தள்ளுவதற்கு வால் நுனியில் குட்டியாக ஒரு முள். சட்டை உரிக்கும் சமயத்தில் உடம்பு நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறும்.

சாப்பாடு என்னவென்றால் எறும்பின் முட்டை, புழு, கூட்டுப்புழு, கரையான். 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்தார்கள். இந்தப் பாம்பு கரையானை விழுங்கும்போது பல தடவை அதன் தலையைத் தரையில் தேய்த்துக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் விழுங்குகிறதாம். கரையானின் கெட்டியான தலை அதற்குச் சரியாகச் செரிப்பதில்லை. நாம் முருங்கைக்காயைச் சாப்பிட்டுவிட்டுச் சக்கையைத் துப்புவது மாதிரிதான்!

விசாகப்பட்டினத்து டாக்டர்

இந்தப் பாம்பு புத்தகத்தில் ஏறிய கதை ஆந்திரக் கடற்கரையில் தொடங்குகிறது. பேட்ரிக் ரஸ்ஸல் எடின்பரோவில் 1727-ல் பிறந்தவர். பல வருடங்கள் சிரியாவின் அலெப்போ நகரத்தில் மருத்துவராக இருந்தவர். அவருடைய தம்பி கிளாட் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தம்பிக்கு விசாகப்பட்டினத்தில் பதவி கிடைத்தபோது, 1781-ல் அண்ணனும் கூடவே கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. 1785-ல் கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளர் கோனிக் இறந்ததும் அந்த வேலை ரஸ்ஸலுக்கு வந்தது.

கர்நாடகப் பகுதியில் கம்பெனி ஆட்களுக்குப் பெரிய தலைவலி பாம்புக்கடி. எந்தப் பாம்பு விஷமுள்ளது, எது இல்லாதது என்று வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது. எனவே ரஸ்ஸல் பாம்புகளைப் பிடித்து வரச் சொல்லி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, கோழிகளையும் நாய்களையும் கடிக்க வைத்து எது கொல்கிறது என்று எழுதி வைத்தார். இன்றைக்குக் கேட்டால் கொடூரமாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. பாம்புக்கடிக்கு மருந்தாகப் பெயர் பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்தார். அதில் முக்கியமாக இருந்தது பாஷாணம், அதாவது ஆர்செனிக்!

1789-ல் இங்கிலாந்து திரும்பிய ரஸ்ஸல், 1796-ல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை வண்ணப் படங்களோடு வெளியிட்டார். நம்மூர் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்று பெயர் இருக்கிறதே, அது இவர் நினைவாக வைத்ததுதான்.

அந்தப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்லும் விரியனுக்கும் நாகத்துக்கும் நடுவில், யாரையும் கொல்லாத ஒரு சின்னப் பாம்பின் படமும் இருந்தது. உள்ளூர்த் தெலுங்கர்கள் சொன்ன பெயரையே ரஸ்ஸல் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார்: ரெண்டு தலலு பாமு. தமிழில் சொன்னால் இரண்டு தலைப் பாம்பு. வாலும் தலை மாதிரியே மழுங்கி இருப்பதால் வந்த பெயர்.

பார்க்காதவர் வைத்த பெயர்

படம் இருந்தது, உள்ளூர்ப் பெயர் இருந்தது. அறிவியல் பெயர் மட்டும் இல்லை. அதை வைத்தவர் பாரிஸில் இருந்த பிரான்சுவா மரீ டோடன். சிறு வயதில் வந்த நோயால் கால்கள் செயலிழந்தவர். நடக்க முடியாத அந்த மனிதர்தான் உலகத்து ஊர்வன அனைத்தையும் பற்றி எட்டுத் தொகுதிகள் எழுதினார். அவருடைய மனைவி அடேல் படங்கள் வரைந்து உதவினார். 1803-ல் வந்த தொகுதியில் ரஸ்ஸலின் படத்தை ஆதாரமாக வைத்து இந்தப் பாம்புக்கு எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயர் சூட்டினார். அதே 1803-ல் இறந்தும் போனார். வயது 30-ஐக்கூடத் தொடவில்லை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்பின் இனப் பெயர். இருதலை மணியன் என்று சொல்கிறோமே, அதேதான். விசாகப்பட்டினத்து மக்கள் இரண்டு தலை என்றார்கள், பாரிஸ் பண்டிதர் இருதலை மணியனின் குடும்பத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டுமே வால் தலை மாதிரி இருந்ததால் வந்த குழப்பம்தான்.

குழப்பம் தீர வெகு காலம் ஆனது. முதலில் டிஃப்லாப்ஸ் என்று மாற்றினார்கள். கிரேக்கத்தில் குருடு என்று பொருள் தரும் சொல்லில் இருந்து வந்தது. பிறகு ராம்ஃபோடிஃப்லாப்ஸ். கடைசியாக 2014-ல் ஹெட்ஜஸ் குழுவினர் மரபணு ஆராய்ச்சியின் அடிப்படையில் இண்டோடிஃப்லாப்ஸ் என்ற புதிய பிரிவை உண்டாக்கினார்கள். இந்தியக் குருட்டுப் பாம்பு என்று அர்த்தம். 211 வருடம் அலைந்த பிறகு பாம்புக்குச் சொந்த ஊர்ப் பெயர் கிடைத்தது!

கண்ணாடிப் பெட்டியில் ஏறிய பயணி

இந்தப் பாம்பு எறும்புப் புற்றிலும் மரவேரிலும் ஈர மண்ணிலும் வாழ்வது. ஒரு செடியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து எடுத்தால் பாம்பும் கூடவே வந்துவிடும். பழைய காலத்திலும் வணிகர்கள் செடிகளைக் கொண்டுபோனார்கள். ஆனால் கடல் பயணத்தில் உப்புக் காற்று பட்டுப் பெரும்பாலான செடிகள் வழியிலேயே செத்துப்போகும். அந்த நிலையை மாற்றியவர் லண்டன் டாக்டர் நதானியேல் வார்ட். இறுக்கமாக மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணும் செடியும் வைத்தால், செடி விடும் நீராவியே திரும்பத் தண்ணீராகி மண்ணில் விழுந்து செடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். 1833-ல் அப்படிப்பட்ட பெட்டிகள் லண்டனிலிருந்து சிட்னி வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு உலக வியாபாரமே மாறிவிட்டது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தது அந்தப் பெட்டியில்தான். 1876-ல் பிரேசில் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, சுமார் 1,900 கன்றுகளை 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். செடிக்காக மண் போனது. மண்ணுக்குள் யார் இருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

செடியோடு ஆட்களும் போனார்கள். 19-ம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னால் தேயிலை, மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கூட்டிப்போகப்பட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரையோடு சேலம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். தருமபுரி 1965-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை கம்பைநல்லூரும் சேலம் மாவட்டத்து ஊர்தான். மொரிஷியஸ், பிஜி, தென்னாப்பிரிக்கா என்று கரும்புக்காகவும் கப்பல்கள் போயின. தொழிலாளர் பெயரை ஏட்டில் எழுதிய கம்பெனி, மண்ணில் ஒளிந்திருந்த பாம்பை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. ஆனால் இந்தப் பாம்பு இன்று இருக்கிற நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். கரும்பும் காப்பியும் அலங்காரச் செடியும் போன நாடுகளின் பட்டியல் மாதிரியே இருக்கும்.

ஆணே இல்லாத குடும்பம்

சரி, செடியோடு ஒரு பாம்பு போய் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பாம்பு மட்டும் போனால் வம்சம் எப்படிப் பெருகும்? ஜோடி வேண்டாமா?

இங்கேதான் ஆச்சரியம். அருங்காட்சியகங்களில் இருந்த பாம்புகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதை எடுத்தாலும் பெண்ணாகவே இருக்கிறதே! 1974-ல் மெக்டவல் இதைச் சொன்னார். அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் நுஸ்பாம் செஷல்ஸ் தீவுகளில் கிடைத்த பாம்புகளை ஆராய்ந்து 1980-ல் அதை உறுதிப்படுத்தும் சான்றுகளை வெளியிட்டார். ஆண் துணை இல்லாமலே இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. பொரித்து வருவதும் எல்லாம் பெண்ணே. 1987-ல் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு தொகுதி. இதற்கு மூன்று தொகுதி, மொத்தம் 42.

உலகத்தில் 3,900-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. சில பாம்புகள் எப்போதாவது ஆண் துணை இல்லாமல் குட்டி போட்டதுண்டு. ஆனால் முழுக்க முழுக்கப் பெண்களாகவே வாழ்வதாக நன்கு உறுதியான பாம்பு இனம் இது ஒன்றுதான். வியாபாரக் கணக்கில் சொன்னால், புதுக் கிளை திறக்கக் கூட்டாளியும் வேண்டாம், முதலும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் போய் இறங்கினால் போதும், கிளை தானாக வளரும். ஒரு தொட்டி மண், அதில் ஒரு பாம்பு அல்லது ஒரு முட்டை... இவ்வளவே போதுமானது.

ஹவாய் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலப்பாம்பே கிடையாது. பாம்பு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஊரில் 1930-ல் ஹொனலுலுவின் ஒரு பள்ளி வளாகத்தில் இந்தப் பாம்பு கிடைத்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடி மண்ணில் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். இன்று ஹவாயில் காட்டோடு காடாக வாழ்கிற ஒரே நிலப்பாம்பு அதுதான். சட்டமும் சுங்கமும் காவலுக்கு இருந்தும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது!

போர்க்காலத்து இலங்கையும் ஒரு பேராசிரியரும்

இப்போது கதையின் இன்னொரு பக்கம். உலகம் சுற்றிய பாம்புக்கு, சுற்றாத சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நமக்கு மிக அருகில், பாக் நீரிணையைத் தாண்டி இலங்கையில் வாழ்கிறார்கள்.

இலங்கையில் மட்டுமே வாழும் குருட்டுப் பாம்புகள் பல உண்டு. 1860-லேயே இத்தாலிய அறிஞர் ஜார்ஜியோ யான் ஒன்றுக்கு மிரஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதிசயமானது என்று பொருள். 1890-ல் பூலாஞ்சர் இன்னொன்றை விவரித்தார். 1943-ல் மால்கம் ஸ்மித், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசையில் பாம்புகள் தொகுதியை எழுதியபோது சிலோனிகஸ் என்ற இனத்தைச் சேர்த்தார். இந்த ஸ்மித் தாய்லாந்து அரச குடும்பத்துக்கு மருத்துவராக இருந்தவர். பாம்பு ஆராய்ச்சிக்கும் டாக்டர்களுக்கும் அப்படி என்னதான் பந்தமோ!

அதற்குப் பிறகு வந்தவர்தான் சுவாரசியமான ஆள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் டெய்லர், 1889-ல் பிறந்தவர். ஊர்வன ஆராய்ச்சியில் பெரிய பெயர். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்க உளவுத்துறை அவரை இலங்கைக்கு அனுப்பியது. அப்போது தென்கிழக்கு ஆசியாவுக்கான நேச நாடுகளின் படைத் தலைமையகம் மவுண்ட்பேட்டன் தலைமையில் கண்டியில் இருந்தது. ஜப்பானியர் பிடித்திருந்த நாடுகளுக்குள் இறங்கப் போகும் உளவாளிகளுக்குக் காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பது டெய்லரின் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்லைப் புரட்டிப் பாம்பு தேடினார்!

போர் முடிந்து ஊர் திரும்பி, 1947-ல் இலங்கைக் குருட்டுப் பாம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் பல புதிய இனங்கள். ஒன்றுக்கு இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் நினைவாக வெட்டே என்று பெயர். ஒன்றுக்கு மால்கம் ஸ்மித்தின் நினைவாக மால்கோமி. ஒன்றுக்கு நாட்டின் பெயரிலேயே லங்காயென்சிஸ். இன்னொன்றுக்கு டெனெப்ராரம், அதாவது இருட்டுக்குரியது.

அந்தக் கடைசிப் பெயர் மிகப் பொருத்தம். ஏனென்றால் இலங்கையின் இந்தப் பாம்புகளில் பலவற்றைப் பற்றி உலகம் அறிந்தது ஆல்கஹால் பாட்டிலில் கிடக்கும் சில மாதிரிகளை வைத்துத்தான். எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி கரிய கயிறு. செதிலை லென்ஸ் வைத்து எண்ணினால்தான் இது வேறு அது வேறு என்று தெரியும். வீட்டு முற்றத்தில் ஒன்றை அடித்துப் போடுகிறவருக்கு, அது உலகம் முழுக்க இருக்கிற சாதாரணப் பாம்பா, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பாம்பா என்று எப்படித் தெரியும்?

இந்தத் தீவுப் பாம்புகளின் வயதும் சாதாரணமல்ல. 2010-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, குருட்டுப் பாம்புகளின் வம்சம் கோண்ட்வானா என்ற பழம்பெரும் கண்டத்தில் தொடங்கியது என்கிறது. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலம். பிறகு மடகாஸ்கரும் இந்தியாவும் சேர்ந்து ஒரே பெருந்தீவாகப் பிரிந்தன. பின்னர் இந்தியாவும் தனியாகப் பிரிந்து ஆசியாவை நோக்கி நகர்ந்தது. அப்படிப் பார்த்தால் ஒரு காலத்தில் கம்பைநல்லூர் மண்ணே ஒரு தீவின் மண்தான். டைனோசர்கள் காலத்திலிருந்து மண்ணுக்குள் வாழ்ந்துவரும் பரம்பரை இது.

பறக்கும் மீன் கொண்டு வந்த பாம்பு

இலங்கைக்குத் தென்கிழக்கே, ஜாவாவுக்குத் தெற்கில் கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். 1887-ல் பிரிட்டிஷ் கடற்படையின் ஃப்ளையிங் ஃபிஷ் என்ற கப்பல் அங்கே போய் உயிரினங்களைச் சேகரித்தது. அதில் புதிய குருட்டுப் பாம்பு ஒன்று இருந்தது. பூலாஞ்சர் அதே வருடம் எக்ஸோசீட்டி என்று பெயர் வைத்தார். பறக்கும் மீனைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. மண்ணுக்குள் புதைந்து வாழும் பாம்புக்குக் கப்பலின் பெயரால் பறக்கும் மீன் பெயர்!

அந்தப் பாம்பு அந்த ஒரு தீவில் மட்டுமே உண்டு. 1986-ல் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் ஆளே இல்லை. அழிந்துவிட்டதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது 2009-ல் மீண்டும் ஒன்று கண்ணில் பட்டது. அந்த இடைவெளியில் தீவில் என்னென்னவோ நடந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் கோடிக்கணக்கில் பெருகி அந்தத் தீவின் புகழ்பெற்ற சிவப்பு நண்டுகளைக் கொன்றன. 1980-களில் வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பு பல்லிகளைத் தின்று தீர்த்தது. தீவுக்கே உரிய சின்ன வௌவால் ஒன்று அதே 2009-ல் கடைசியாகக் காணப்பட்டு அழிந்தே போனது.

அதே தீவில் நம்மூர்க் குருட்டுப் பாம்பும் வந்து குடியேறி இருக்கிறது. தீவின் சொந்தப் பாம்பைத் தேடுகிற ஆய்வாளர் மண்ணைத் தோண்டினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் வந்தேறிதான்.

அப்படியானால் நம் பாம்பு குற்றவாளியா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பசிபிக்கில் குவாம் தீவுக்குப் போர்ச் சரக்குகளோடு போன பழுப்பு மரப்பாம்பு அந்தத் தீவின் காட்டுப் பறவைகளை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. அப்படி எந்தப் பழியும் குருட்டுப் பாம்பின் மேல் இதுவரை நிரூபணமாகவில்லை. அது தானாக எங்கேயும் போகவும் இல்லை. நாம் மண்ணை ஏற்றினோம், அதுவும் ஏறியது. எறும்பும் ஓநாய்ப் பாம்பும் போனதும் நம் சரக்கோடுதான். ஒரு தீவில் பல லட்சம் வருடம் வாழ்ந்த உயிருக்கு ஆபத்து வருவது கண் தெரியாத பாம்பால் அல்ல, கண் இருந்தும் பார்க்காத மனிதனால்தான்.

காதுக்குள் போகுமா?

மறுபடியும் கம்பைநல்லூர் எருக்குழிக்கு வருவோம். இந்தப் பாம்பைக் கண்டதும் அடிக்கக் காரணமாக மூன்று நம்பிக்கைகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, இரண்டு தலை. அது வால். முள் மாதிரி இருப்பதும் மண்ணில் ஊன்றத்தான். கையில் பிடித்தால் அந்த முனையால் குத்துவது போல அழுத்தும், தோலைக்கூடத் துளைக்காது. இருதலை என்ற இதே கற்பனைதான் மண்ணுளிப் பாம்பை லட்சக்கணக்கில் விலைபேசிக் கடத்துகிற மோசடிக்கும் காரணம். அதில் ஏமாந்து பணத்தை இழந்தவர்களும் உண்டு, வனத்துறையிடம் மாட்டி ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

இரண்டாவது, பயங்கர விஷம். இதற்கு விஷமே கிடையாது. விஷப்பல்லும் கிடையாது. வாய் எறும்பு முட்டை போகிற அளவுதான். மனிதனின் சுண்டுவிரலைக்கூட அதனால் கவ்வ முடியாது. அதன் ஒரே ஆயுதம் கொஞ்சம் நாற்றமடிக்கும் திரவம்.

மூன்றாவது, தூங்கும்போது காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னும் என்பது. செவிப்பாம்பு என்ற பெயரே இந்தப் பயத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். அது தேடுவது எறும்புப் புற்றின் வாசனையை. மனிதன் காதில் அதற்கு என்ன வேலை? மழை பெய்து மண்ணில் தண்ணீர் நிறைந்தால் மூச்சு முட்டி மேலே வரும். அப்போதுதான் குளியலறையிலும் திண்ணையிலும் தென்படும். ஒரு காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய்ச் செடிக்கடியில் விட்டால் நிமிடத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடும். ஒன்று மட்டும் கவனம் தேவை. சின்னதாக இருக்கிற பாம்பெல்லாம் குருட்டுப் பாம்பு ஆகிவிடாது. விரியன் குட்டியும் கட்டுவிரியன் குட்டியும் சின்னதுதான், அவற்றுக்கு விஷம் உண்டு. தலை கழுத்து வித்தியாசம் தெரிந்தால், உடம்பில் பட்டையோ வட்டமோ இருந்தால், கை வைக்காமல் விலகிவிடுவதே நல்லது.

கடைசியாக...

தெலுங்கர் இரண்டு தலை என்றார். பிரெஞ்சுக்காரர் இருதலை மணியன் குடும்பத்தில் சேர்த்தார். கிரேக்கச் சொல் குருடு என்றது. நம் ஊர் செவியைத் தின்னும் என்றது. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தோம். அதில் பாதி பயத்தில் வைத்தது, பாதி சரியாகப் பார்க்காமல் வைத்தது. முழங்காலிட்டு, லென்ஸ் எடுத்து, செதிலை எண்ணிப் பார்த்த ஒரு சிலரால்தான் அதற்கு ஆணில்லை என்பதும், அதன் ஊர் எது என்பதும், அதன் சொந்தக்காரர்கள் தீவுகளில் அழிவின் விளிம்பில் நிற்கிறார்கள் என்பதும் தெரிய வந்தது.

உலகம் சுற்றிய பாம்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எருக்குழியில் பத்து அடிபட்டாலும் பதினோராவது பிழைத்துக்கொள்ளும். ஆனால் டெனெப்ராரமும் எக்ஸோசீட்டியும் அப்படி இல்லை. அவற்றுக்கு இருப்பது ஒரே ஒரு தீவு. அந்தத் தீவின் மண் போனால் போக வேறு மண் கிடையாது. எந்தப் பூந்தொட்டியும் அவற்றைக் காப்பாற்றாது.

அடுத்த மழைக்கு உங்கள் வீட்டு வாசலில் கருப்பாக ஒன்று நெளிந்தால், செருப்பைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். நாக்கு நீட்டுகிறதா, வாலில் முள் இருக்கிறதா, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ரஸ்ஸல் பார்த்ததும் டெய்லர் பார்த்ததும் அதைத்தான்.